ஒன்பதாவது ஆளுக்குப் பேட்டா

தாம்பாளத்தை யார் தன் மடியில் வைத்தார்கள் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. வேன் பழையபேட்டையைத் தாண்டித் தென்காசி ரோட்டில் ஏறியபோது அது அங்கே இருந்தது, அவ்வளவுதான், தேங்காயும் வெற்றிலையும் எலுமிச்சையும் மேலே இழுத்துக் கட்டிய கண்ணாடித்தாளுமாக, யாரோ பெற்ற பிள்ளையை யாரோ மடியில் போட்டுவிட்டுப் போன மாதிரி. கொஞ்சம் புடிச்சுக்கிடுதியளா என்று ஒரு குரல் கேட்டிருக்கும், இவள் கை தானாக நீண்டிருக்கும். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு கையை எதற்கெல்லாம் பழக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. கேமராப் பை எங்கே? காலுக்கடியில், சீட்டுக்குக் கீழே. அதன்மேல் ஈரச்சாக்கில் சுற்றிய பூப்பொட்டலம். சொட்டுகிறதா? குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் தேங்காய் உருளும், தேங்காய் உருண்டால் அபசகுனம், மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாள் முன்வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு ஒரு வருஷத்து ஆயுள் உண்டு. சொட்டத்தான் செய்கிறது. கணுக்காலில் சில்லென்று ஒன்று விழுந்தது. பை தண்ணீர் தாங்கும் என்று கடைக்காரன் சொன்னான். விற்கும் வரைக்கும் எல்லாப் பையும் தண்ணீர் தாங்கும். உள்ளே இருப்பது ஏலச்சீட்டு எடுத்து வாங்கிய கேமரா, வீட்டில் ஃப்ரிட்ஜ் மாற்றாமல் வாங்கிய லென்ஸ். அதன்மேல் யார் வீட்டு மல்லிகையோ குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த வேனில் இவள் ஏறியிருக்கவே கூடாது. தென்காசியில் பெண் வீட்டில் ஆவுடையம்மாளின் மூத்த மகனுக்கு நிச்சயதாம்பூலம், படம் எடுக்கச் செண்பகவல்லி, இவ்வளவுதான் விஷயம். படத்துக்கு இவ்வளவு, ஆல்பத்துக்கு இவ்வளவு என்று எழுதி, கடைசி வரியில் போக்குவரத்து என்றும் போட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். முதல் வரிகள் எதிலும் ஆவுடையம்மாளுக்குச் சங்கடம் இல்லை. கடைசி வரி வந்ததும் ஃபோன் வந்தது. வாரதுக்கெல்லாமா காசு, செண்பகம், என்று ஆரம்பித்து, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று முடித்தாள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் எவனோ ஒருநாளும் சுமந்திருக்க மாட்டான், அது நிச்சயம். சுமந்தவனைக் கேட்டிருந்தால் சுண்டைக்காய்க்கு எதற்குக் கால் பணம், அது பாட்டுக்குக் காய்ச்சுத் தொங்குது, கொண்டு வந்து சேர்த்தவனுக்குக் கொடு என்று வேறு மாதிரிப் பழமொழி சொல்லியிருப்பான். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். பதில்கள் எல்லாம் ஃபோனை வைத்த பிறகுதான் வருகின்றன, விருந்தாளி போன பிறகு கொதிக்கும் காப்பி மாதிரி. அப்போது சொன்னது ஒன்றுதான்: நான் தனியா கார் வச்சு வந்துக்கிடுதேன்க்கா, அந்த வரிய எடுக்க முடியாது. ஆவுடையம்மாள் வீட்டில் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள். அப்புறம் சத்தமே இல்லை. இன்று விடியும் முன்னால் மறுபடி அவள் குரல், இந்தத் தடவை தேன் ஒழுகுகிறது. என்னத்துக்கு வீண் செலவு, நம்ம வேனே உங்க வாசலுக்கு வரும், சீட்டு சும்மாதான் கிடக்கு, நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி எங்ககூடவே வந்துருங்க. பிறகு போகிற போக்கில், தையில கல்யாணத்தையும் நீங்கதான் எடுக்கணும், வேற யாருக்குச் சொல்லப்போறோம். தை என்ற சொல்தான் ஆளைச் சாய்த்தது. கல்யாணம் என்றால் இரண்டு நாள் வேலை, பெரிய ஆல்பம், அந்த ஆல்பத்தைப் புரட்டுகிற நானூறு வீடுகள். ஏறிவிட்டாள். ஏறினால் கடைசி வரி அழிந்தது என்று அர்த்தம், யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

என்ன பெரிய வரி அது. பெட்ரோலுக்கா அழறே என்றார் செண்பகவல்லியின் வீட்டுக்காரர் குற்றாலநாதன். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார். வள்ளியூருக்கு ஒரு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டு வந்தாலும் பயணப்படிக் காகிதத்தை நிரப்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு முறை சரிபார்த்து, கையெழுத்தை அழுத்திப் போடுகிறவர். அதே மனுஷன்தான் கேட்கிறார், வேலைக்குக் கேளு, சரி, போய்ட்டு வரதுக்கெல்லாம் யாராவது கேப்பாங்களா என்று. நீங்க கேக்கலியா என்றால், அது கவர்ன்மெண்ட், ரூல் இருக்கு. ரூலா? இவளுக்கும் ரூல் இருக்கிறது, யாரும் காகிதத்தில் அடித்துத் தரவில்லை, அவ்வளவுதான். இவள் பயணம் பஸ் ஸ்டாண்டிலா தொடங்குகிறது? முந்தின நாள் உளுந்து ஊறப்போடும்போது தொடங்குகிறது. காலைக்கு இட்லி, மத்தியானத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல், ராத்திரிக்கு ஏதாவது, மாமனாருக்கு உப்பில்லாமல் தனியாக. கேஸ் சிலிண்டர்காரன் வந்தால் யார் எடுப்பது என்று எதிர்வீட்டில் ஒரு சொல். போகிற இடத்தில் பாத்ரூம் எப்படி இருக்குமோ என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதனால் சாயங்காலம் தலைவலிப்பது. கோவில்பட்டியில் ஒரு பிறந்தநாள் முடிந்து கடைசி பஸ்ஸுக்காக நின்றபோது ஒருத்தன் பக்கத்தில் வந்து வந்து நின்றானே, பையை மாரோடு கட்டிக்கொண்டு தூண் மாற்றித் தூண் மாற்றி நின்றாளே, அது எந்த வரியில் வரும்? பெட்ரோலாம். ஏசி மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான், அந்த உதட்டுப் பிதுக்கலுக்கே விசிட்டிங் சார்ஜ், வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். இவள் வந்தால் மட்டும் காற்று வந்த மாதிரி, வெயில் வந்த மாதிரி.

இன்னொரு சொட்டு. இந்தத் தடவை கால்மேல் விழவில்லை, அப்படியென்றால் பைமேல். வெளியே பனையும் உடைமரமும் ஓடுகின்றன, தூரத்தில் காற்றாலை ஒன்று சுற்றவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலோரம் ஆவுடையம்மாளின் மகள், இவளுக்கு நடுச்சீட்டு, எப்போதும் நடுச்சீட்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எத்தனை வேன், எத்தனை கார், எல்லாவற்றிலும் நடுவில், மடியில் சாப்பாட்டுக் கூடை அல்லது அடுத்தவர் பிள்ளை. இந்த வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் அம்பாசமுத்திரத்துக்குத் தனியாகக் கார் வைத்துப் போனாள், ஜன்னலோரம், மடியில் ஒன்றுமில்லை. கை எங்கே வைப்பதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் வழியெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனாள், வயல்மேல் எப்படி விழுகிறது, ஆட்டுக்காரன் தலைத்துண்டில் எப்படி விழுகிறது, போய் இறங்கும்போது கண் கழுவி வைத்த மாதிரி இருந்தது, அன்று எடுத்த படங்கள்தான் இன்றுவரை இவள் எடுத்ததிலேயே நல்ல படங்கள். அதற்குத்தான் அந்த வரி. இதை யாரிடம் சொல்வது, கண்ணைக் கழுவ இவ்வளவு என்றா எழுத முடியும்? இதே ரோட்டில்தான் கான்வென்ட்டிலிருந்து குற்றாலத்துக்கு எக்ஸ்கர்ஷன் போனார்கள், இவளைத் தவிர. படிக்கத்தான அனுப்புதேன், ஊர் சுத்தவா என்று அப்பா காசு கட்டவில்லை. அந்த வாரம் மாரல் சயன்ஸ் வகுப்பில் சிஸ்டர் ஃபிளேவியா, நல்ல காரியத்துக்குக் கூலி அந்தக் காரியமேதான் என்று உருகிக்கொண்டிருக்க, இவள் எழுந்து, அப்போ ஸ்கூல் ஃபீஸ் எதுக்கு சிஸ்டர் என்று கேட்டாள். மத்தியான மணி அடிக்கும்வரை வராந்தாவில் முட்டி போட்டாள். முட்டி வலித்தது. கேட்டதற்காக வருத்தம் மட்டும் வரவில்லை, அப்போதும், இப்போதும். அந்தப் பெண் எங்கே போனாள்? அவள் இருந்திருந்தால் காலை ஃபோனில் தை என்றதும் இப்படி வழிந்திருப்பாளா? பயம்தான். ட்ரோன் பறக்கவிடுகிற பையன்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களை விட்டு உன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள், பொம்பளை, ரூம் வரைக்கும் வரலாம், கூச்சமில்லை, அப்புறம் கம்மியாக வாங்குவாள். அந்தக் கடைசிக் காரணம்தான் முதல் காரணமோ என்று ஒரு பயம். அந்த வரியை அடித்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தினார்கள். தாம்பாளத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கியதும் தொடை மரத்துப்போயிருந்தது. ஆவுடையம்மாள் வீட்டுக்காரரின் அண்ணன் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்காரனிடம் டீ சொன்னார். ரெஜிஸ்ட்ரார் ஆஃபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த வீட்டின் நாள், நட்சத்திரம், சகுனம், சம்பிரதாயம் எல்லாம் அவர் பொறுப்பு. இங்க ஒம்பது, டிரைவருக்குத் தனியா ஒண்ணு என்றார். ஆவுடையம்மாளின் மகள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு முகம் கறுத்தாள். "பத்துலா வருது பெரியப்பா. நிச்சயத்துக்கு ஒத்தப்படையாத்தான போணும்?" அண்ணாச்சி சிரித்தார். "டிரைவர எதுக்குட்டி எண்ணுத? கூலிக்கு வாரவன் தலைக்கணக்குல சேரமாட்டான். காலையில உங்க சித்தி வரமுடியாதுன்னதும் எட்டு ஆயிப்போச்சேன்னு உங்கம்மை முழிச்சா. நாந்தான் சொன்னேன், அந்தப் படம் எடுக்குத அம்மாவ வேன்ல ஏத்து, ஒம்பதாயிரும்னு." சொல்லிவிட்டுச் செண்பகவல்லியைப் பார்த்து, உங்களாலதான் காரியம் நிக்கி என்கிற மாதிரி ஒரு தலையாட்டல் வேறு. சூடு டம்ளரில் இருந்ததா விரலில் இருந்ததா தெரியவில்லை. அதற்குத்தான் தேன். அதற்குத்தான் விடியும் முன்னால் ஃபோன். சும்மா கிடந்த சீட்டு இல்லை அது, ஆள் தேவைப்பட்ட சீட்டு. இவளுக்கு ஓசிப் பயணம் கொடுத்ததாகச் சொன்னார்கள், கடைசியில் பார்த்தால் இவள்தான் அவர்களுக்கு ஓசியில் பயணம் செய்துகொண்டிருக்கிறாள்.

"நானும் கூலிக்கு வாரவதான அண்ணாச்சி?" என்று கேட்டாள். குரல் நன்றாகவே வந்தது.

"சேச்சே. உங்களுக்குக் கூலி படத்துக்குத்தான, பயணத்துக்கு இல்லைலா. நீங்க நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி."

மாதிரி. நம்ம பொண்ணு மாதிரி, எங்க தங்கச்சி மாதிரி, கூடப்பொறந்தவ மாதிரி, யாராவது மாதிரி என்று ஆரம்பித்தால் இவள் பர்ஸுக்குக் காய்ச்சல் வந்துவிடும். நிஜத் தங்கச்சியாக இருந்தால் பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும், நிஜக் கூலியாக இருந்தால் காசு கொடுக்க வேண்டும், மாதிரிக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு டீ போதும். டிரைவர் மரியசெல்வம் தள்ளி நின்று தன் டீயைத் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தான், கணக்கில் வராத நிம்மதியோடு. அவனுக்கு வாடகை வேறு, பேட்டா வேறு. பேட்டா எதற்கு என்று இந்தக் கும்பலில் ஒருத்தர் கேட்டிருப்பார்களா? பேட்டா என்றால் பேட்டா. வண்டி ஓட்டுகிறவன் வீட்டை விட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான் அதற்குக் காரணம், எல்லோருக்கும் புரிகிறது. போக்குவரத்து என்று எழுதிவிட்டோம், அதனால் லிட்டர் கணக்குப் பார்த்தார்கள். பேசாமல் பேட்டா என்று போட்டிருக்க வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா? தை மாதக் கல்யாணம். நானூறு வீடு. வீட்டுக்காரர் சொல்வார், இதுக்குத்தான் சொன்னேன். மண்டபத்தில் ட்ரோன் பறக்கும், இவள் மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருப்பாள். முட்டி வலித்தது, எப்போதோ வலித்தது, வலித்துப் போயிற்று, என்ன குறைந்துவிட்டோம்? டம்ளரை வைத்தாள். வேனில் ஏறி, பூப்பொட்டலத்தை எடுத்துத் தூர வைத்தாள், பையைத் திறந்து உள்ளே கை விட்டாள், காய்ந்திருந்தது, கடைக்காரன் நல்லா இருப்பான். தாம்பாளத்தைத் தூக்கி ஆவுடையம்மாள் சீட்டில் வைத்துவிட்டு, பையோடு இறங்கி முன்பக்கம் போய் மரியசெல்வத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவன் தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் நகர்த்தி இடம் விட்டான்.

எல்லோரும் ஏறினார்கள். ஆவுடையம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள், அப்புறம் முன்சீட்டைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கும் பயணத்துக்கு உண்டு, அந்தக் கடைசி வரி. போக வர ரெண்டுக்கும். அண்ணாச்சி கணக்குப்படி நான் கூலிக்கு வாரவதான். என்னைய எண்ணாதிய."

நல்ல காரியத்துக்குப் போறப்ப பேசுத பேச்சா இது என்று ஆவுடையம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள், அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும் போலிருக்கிறது. அண்ணாச்சி எட்டு, எட்டு என்று முணுமுணுத்துவிட்டு, ஏ மரியசெல்வம், அங்க போய் நீ இறங்கி எங்ககூட வந்து நின்னுக்கிடுதியா என்று கேட்டார். மரியசெல்வம் கியரைப் போட்டுக்கொண்டே, தாராளமா வாரேன் அண்ணாச்சி, அப்போ பேட்டாவ வெட்டுவியளா என்றான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். செண்பகவல்லிக்கு நாக்கு ஊறியது. அந்தப் பழைய ஊறல், வராந்தாவுக்கு அனுப்புகிற ஊறல். "இல்லன்னா ஒருத்தரு வண்டியிலேயே இருந்துக்கிடலாம். ஏழும் ஒத்தப்படைதான்." மேலே கண்ணாடியில் பார்த்தாள். எட்டுப் பேரும் மனசுக்குள் ஒவ்வொருத்தராக இறக்கிப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளையின் அப்பா இல்லாமல் முடியாது, அம்மா முடியாது, அக்காவும் அத்தானும் முடியாது, இப்படியே போய் எல்லாக் கண்ணும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் காற்றாலையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

பாவூர்சத்திரம் போயிற்று, மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள், லாரி, ஒரு மாடு. இப்போதுதான் பயம் முழுசாக வந்தது, கேமராவைப் பையிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள். தை போயிற்று. போனால் போகட்டும். ஆவுடையம்மாள் நாளைக்குள் ஊர் பூராவும் சொல்வாள், நல்லா எடுப்பா ஆனா வாய் ஜாஸ்தி என்று. சொல்லட்டும், வாய் ஜாஸ்திதான், அதையும் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இறங்கின இடத்தில் பஸ்ஸேறிப் போ என்று சொல்லிவிட்டால்? எல்லார் முன்னாலும்? பஸ் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது. மலை தெரிய ஆரம்பித்தது, மேகம் இறங்கி முதுகில் உட்கார்ந்திருந்தது, வெளிச்சம் பால் மாதிரிப் பரந்து வந்தது, இந்த வெளிச்சத்தில் எந்தப் பெண்ணும் அழகாகத்தான் இருப்பாள், அந்தப் பிள்ளையை வெளித் திண்டில் உட்காரவைத்து இரண்டு படம் எடுத்துவிட வேண்டும் என்று தன்னை அறியாமல் யோசித்துவிட்டு, யோசித்ததற்காகத் தன்மேலேயே கடுப்பானாள். முன்சீட்டில் ஜன்னல் பெரிது. மடியில் கேமரா மட்டும்.

பெண் வீட்டுத் தெருமுனையில் மரியசெல்வம் வேகத்தைக் குறைத்தான். அங்கே வாசலில் கோலம், ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள், சட்டை மடிப்புக் கலையாமல் நாலு ஆண்கள், எல்லாக் கண்ணும் இந்த வேன்மேல். இவர்களும் எண்ணுவார்கள், எண்ணாமல் இருப்பார்களா? நிறுத்து, இங்கனயே நிறுத்து என்று ஆவுடையம்மாள் சொன்னாள். பக்கக்கதவைத் தள்ளி இறங்கி, பட்டுப்புடவை சரசரக்க முன்பக்கம் வந்து ஜன்னலோரம் நின்றாள், வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிகிற பக்கம் சிரித்துக்கொண்டு, இவளுக்குத் தெரிகிற பக்கம் சிரிக்காமல்.

"போட்டுக்கிடுங்க. ரெண்டு வழிக்கும் போட்டுக்கிடுங்க. இப்ப இறங்கி எங்ககூட வாங்க."

அண்ணாச்சி பின்னாலிருந்து தலையை நீட்டினார். காசு குடுத்தா கணக்குல வராதேம்மா என்று தொடங்கினார். ஆவுடையம்மாள் திரும்பாமலே, "அப்போ நீங்க வண்டியில இருக்கியளா அத்தான்?" என்றாள். தலை உள்ளே போயிற்று.

செண்பகவல்லி இறங்கினாள். தாம்பாளத்தை மறுபடி நீட்டினார்கள், பழக்கத்தில் கை அரை அங்குலம் போயும் விட்டது. இழுத்துக்கொண்டாள். "அதை வேற யாரையாவது புடிக்கச் சொல்லுங்கக்கா. எனக்கு ரெண்டு கையும் வேணும்." ஆவுடையம்மாள் ஒரு கணம் பார்த்தாள், என்ன பார்வை என்று படிக்க முடியவில்லை, தை அதில் இருந்ததா போய்விட்டதா அதுவும் தெரியவில்லை, பிறகு தாம்பாளத்தைத் தானே வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நடந்தார்கள். செண்பகவல்லி அவர்களுக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்தாள், கோலத்தை மிதிக்காமல் காலாலேயே தடவித் தடவி, ஆரத்திக்காரப் பெண்கள் விலகி வழிவிட, அந்த வீட்டுக்குள் முதலில் போனது இவள் முதுகுதான், வலது காலா இடது காலா என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாங்க வாங்க என்றார்கள். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. தாம்பாளத்தோடு ஆவுடையம்மாள் படியேறும்போது முகம் உண்மையாகவே மலர்ந்தது, மகன் கல்யாணம் அல்லவா, அந்த நொடியைத் தவறவிடாமல் அழுத்தினாள். அழுத்திவிட்டுச் சின்னத் திரையில் பார்த்தாள். நல்ல படம். பெரிதாகப் போட்டு ஆல்பத்தில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய படம். எல்லோரும் இருக்கிறார்கள், ஒருத்தர் முகமும் மறையவில்லை, அண்ணாச்சி உட்பட எட்டுப் பேர். ஆல்பம் போய்ச் சேருகிற அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் மடக்கி எண்ணுவார். எண்ணட்டும்.